அரை நொடியின் விலை

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை எல்லாரும் ஆபீஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த தலைமையாசிரியருக்கும் அவள் அக்காதான். சான்றிதழ் எழுதுவது, மணியடிக்கச் சொல்வது, அழுதுகொண்டு வரும் குழந்தையின் வீட்டுக்குப் போன் போடுவது எல்லாம் அவள் தலையில். பரீட்சைக்கு யார் எந்த அறையில், எந்தப் பெஞ்சில் உட்காருவது என்கிற வேலை மட்டும் அவளுடையது அல்ல. அதற்கென்று ஒரு குழு இருந்தது.

குழு என்றால் நான்கு ஆசிரியர்கள். தலைவர் அறிவியல் வாத்தியார். அறுநூற்று நாற்பது பிள்ளைகள், ஒன்பது அறைகள். ஒரே வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடக் கூடாது. இதற்காக நால்வரும் நூலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் இரண்டு நாளைக்கு வெளியே தலைகாட்ட மாட்டார்கள். பாடம் கிடையாது, நோட்டுத் திருத்துவது கிடையாது. டீத் தட்டு மட்டும் மணிக்கொரு தரம் அக்காவின் மேசையைக் கடந்து உள்ளே போகும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கோப்பைகூட அந்த மேசையில் இறங்கியதில்லை.

அக்கா மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டு வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு, மூன்று மாதம் உட்கார்ந்து, இந்த ஒரு காரியத்துக்கென்றே சின்னதாக ஒரு மென்பொருள் எழுதினாள். திரையில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் அரை நொடியில் ஒன்பது அறைக்கும் பட்டியல் வந்துவிடும்.

தலைமையாசிரியர் அழுத்திப் பார்த்தார். வந்தது. நம்பாமல் இன்னொரு தரம் அழுத்தினார். அப்போதும் வந்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒத்தைப் பொத்தான். இதுக்கா காசு கேக்கறீங்க, அக்கா?”

“மூணு மாசம் ஆச்சு சார். என் வீட்ல, என் மெஷின்ல.”

“கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடுதே.”

அவள் கேட்டது ஒன்றும் பெரிய தொகை இல்லை. குழு இரண்டு பரீட்சைக்குக் குடிக்கிற டீக்காசு. சும்மா கொடுத்தால் அது ‘அக்காவே பாத்துக்குவாங்க’ என்கிற வேலைகளோடு சேர்ந்துவிடும், மணியடிக்கச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். நீ செய்தது வேலை, அதற்கு விலை உண்டு என்று யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த ஆசை அவளைப் பிடுங்கித் தின்றது.

குழுவிடம் கருத்துக் கேட்டார்கள். அறிவியல் வாத்தியார் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவ்வளவு சீக்கிரம் வந்தா அதுல யோசனை எங்க இருக்கும்?” என்றார். அவரைச் சொல்லி என்ன செய்ய? அந்தப் பொத்தான் அவருடைய இரண்டு நாள் நிம்மதியில் அல்லவா மண்ணைப் போட்டது.

அவள் புருஷன் சலூன் வைத்திருந்தான். அன்று மாலை கடைக்குப் போய்ப் புலம்பித் தீர்த்தாள். அவன் ஒருவர் தலைக்கு மேலே கத்திரிக்கோலை டிக் டிக்கென்று ஆட்டிக்கொண்டே கேட்டான். அவர் காசு கொடுத்துவிட்டுப் போன பிறகு வாயைத் திறந்தான்.

“அவருக்கு வெட்டி முடிச்சுப் பத்து நிமிஷமாச்சு. மிச்சமெல்லாம் காத்துல வெட்டினது. சத்தம் கேட்டாத்தான் எழுந்து போறப்ப மனசு நெறையும். உன் மெஷின் கமுக்கமா முடிச்சா எவன் காசு குடுப்பான்?”

அடுத்த வாரம் அக்கா புதிய பதிப்பைக் கொண்டுவந்தாள். இது முழுசாக இரண்டு நாள் ஓடும். ‘அறை மூன்று, இரண்டாம் வரிசை: பரிசீலனையில்’ என்று திரையில் வரும். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ‘தொடரலாமா?’ என்று கேட்கும். பக்கத்தில் இருப்பவர் ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும். நான்கு பேர் உடனிருப்பது நல்லது என்று குறிப்பு வேறு எழுதியிருந்தாள்.

குழு சொக்கிப்போய்விட்டது. ‘மிக ஆழமாக யோசிக்கிற மென்பொருள்’ என்று அறிவியல் வாத்தியாரே பரிந்துரை எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியர் மறுபேச்சில்லாமல் காசோலையில் கையெழுத்துப் போட்டார். அவள் மூளைக்கு வந்த காசா அது, அவர்கள் டீக்கு வந்த காசு. அக்கா அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள், ஆனால் சந்தோஷம் வரவில்லை.

பரீட்சை நாள் காலையில் மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்து இரண்டு அறைகளில் கணுக்கால் தண்ணீர் நின்றது. தொடங்க இருபது நிமிஷம். பிள்ளைகள் வராந்தாவில் நெரிந்துகொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் ஆபீசுக்குள் ஓடி வந்தார்.

“நூலகத்தையும் லேபையும் தொறந்து விட்டுடலாம். ஆனா பட்டியல் மொத்தமும் மாறுமே. எவ்வளவு நேரமாகும்?”

“ரெண்டு நாள்,” என்றார் அறிவியல் வாத்தியார், பழக்கதோஷத்தில்.

“அரை நொடி சார்,” என்றாள் அக்கா. “பழைய பொத்தான் எங்கிட்ட இருக்கு. ஆனா விலை ரெண்டு மடங்கு.”

“அதே ஒத்தைப் பொத்தானுக்கா?”

“அதேதான் சார்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார். “தகும்க்கா. குடுத்துடறேன். அழுத்துங்க.”

அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு அழுத்தினாள். தலைமையாசிரியர் தாள்களை அள்ளிக்கொண்டு ஓடினார்.

அறிவியல் வாத்தியார் மட்டும் நகரவில்லை. திரையில் இருந்த பட்டியலை வரிசை வரிசையாகச் சரிபார்த்தார். ஒரு பிழை இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்போ அந்த ரெண்டு நாளும் அது என்னதான்க்கா யோசிச்சுது?”

“உங்ககூட உக்காந்து டீ குடிச்சுது சார்.”

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் கேட்டிருக்கவில்லை. வெளியே போனவர், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து அவள் மேசையில் ஒரு கோப்பையை வைத்தார்.

“சக்கரை போதுமா பாருங்க, அக்கா.”