எல்லம்மாள் ஒட்டிய முப்பது நிலா

எல்லம்மாளுக்கு ஐம்பத்தோரு வயது. இத்தனை வருஷத்தில் அவள் பெயர் அச்சில் ஏறியதெல்லாம் அரசாங்க அட்டைகளில்தான். அதிலும் ஒன்றில் இருப்பது போல் இன்னொன்றில் இல்லை. அப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் புத்தகம் போடும் சிநேகா வந்து, "எல்லம்மாக்கா, புத்தகத்துல உங்க பேரு வரப்போவுது" என்றால் எப்படி இருக்கும்? எல்லம்மாள் நம்பவில்லை. கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துப் பசை வாளியைக் கழுவப் போய்விட்டாள்.

அவள் பிறந்து வளர்ந்தது திருப்போரூருக்குத் தெற்கே ஒரு காலனியில். அப்பா அம்மா இருவரும் பிறத்தியார் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். இவளும் பத்து வயதில் சேற்றில் இறங்கினாள். அப்புறம் ஓ.எம்.ஆர். சாலை வந்தது, வயலில் கலர் கொடி நட்டு மனை போட்டார்கள். அதற்காக எல்லம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. பகல் முழுக்கக் குனிந்தே கிடக்கும் வேலை தொலைந்தது என்று அவள் முதுகுக்குச் சந்தோஷம்தான். ஸ்வீட் கடைக்கு அட்டைப்பெட்டி ஒட்டினாள். பிறகு கல்யாணப் பத்திரிகைக் கம்பெனியில் கவர் ஒட்டினாள். அவள் ஒட்டினால் பசை ஓரத்தில் பிதுங்காது. அந்தக் கைப்பக்குவத்துக்காகவே மகளிர் குழுவில் அவளைத் தலைவியாக்கினார்கள்.

சிநேகா அந்தக் காலனிப் பெண்தான். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, கூடுவாஞ்சேரியில் ஒரு மாடி அறையில் குழந்தைகள் புத்தகம் போடுகிறாள். சும்மா படித்துவிட்டு மூடி வைக்கிற புத்தகம் இல்லை. ஜன்னலைத் திறந்தால் உள்ளே ஆமை இருக்கும், நாடாவை இழுத்தால் படகு நகரும். இந்த மாதிரிப் புத்தகங்களை மெஷினில் முழுசாகச் செய்ய முடியாது. கை வேண்டும். அந்தக் கைகளைத் தேடித்தான் சிநேகா சொந்தக் காலனிக்கே திரும்பி வந்தாள்.

புதுப் புத்தகத்தை எழுதியவர் பிரதீபா. அணு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி, தஞ்சாவூர்க்காரர். நிலாவைப் பற்றிய புத்தகம். நடுப்பக்கத்தில் ஒரு ஜன்னல், அதன் பின்னால் முப்பது நிலா வரைந்த அட்டைச் சக்கரம். பிடியைத் திருகினால் 'டக்' என்று ஒரு நாள் நகரும். அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை வளரும், அப்புறம் தேயும். சக்கரத்தின் விளிம்பில் பற்கள். அந்தப் பற்களில் ஓர் அட்டை நாக்கு சாய்வாக மாட்டி நிற்கும். அதனால் சக்கரம் ஒரு பக்கம்தான் சுழலும், மறுபக்கம் திருகினால் அசையாது. "காலம் பின்னால போகாதில்லையா, அதனாலதான்" என்று பிரதீபா விளக்கியிருந்தார். கடைசிப் பக்கத்தில் எழுத்து: பிரதீபா, ஓவியம்: சிநேகா, கைவேலை: எல்லம்மாள் குழுவினர் என்று அச்சடித்த தாள் வந்து இறங்கியபோதுதான் எல்லம்மாள் நம்பினாள். அன்றைக்கு அந்தத் தாளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய், ஷேர் ஆட்டோ ஓட்டும் தன் புருஷன் சின்னையனைச் சாப்பிடவிடாமல் நாலு தரம் படிக்க வைத்தாள்.

ஆறு பெண்கள் மூன்று வாரத்தில் அறுநூறு புத்தகம் ஒட்டினார்கள். ஒட்டத் தொடங்கிய முதல் நாளே ஒரு விஷயம் நடந்தது. சிநேகா கொடுத்துவிட்டுப் போன மாதிரிப் புத்தகத்தைக் கன்னியம்மா திருகிப் பார்த்தாள். எல்லம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் கன்னியம்மா. வாயும் கையும் ஒரே வேகம்.

"இன்னா எல்லம்மா இது, எடப்பக்கமா சுத்துது?"

எல்லம்மாளும் திருகிப் பார்த்தாள். ஆமாம், இடமாகத்தான் சுற்றியது. திருப்போரூர் முருகன் கோயிலை அவள் ஆயிரம் தடவையாவது சுற்றியிருப்பாள். எல்லாம் வலம்தான். கல்யாணத்தில் மாப்பிள்ளை பொண்ணு வலம், தேர் வலம், ஆரத்தித் தட்டு வலம். பச்சைப்பிள்ளைகள் கையில் கொடுக்கிற சாமானை யாராவது இடமாகச் சுற்ற வைப்பார்களா?

"சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிருக்கும். கேட்டா மனசு கஸ்டப்படும். நாமளே சரி பண்ணிடலாம்" என்றாள் எல்லம்மாள்.

சரி பண்ணினார்கள். நாக்கை மறுபக்கம் சாய்த்து ஒட்டினார்கள். அறுநூறு புத்தகத்திலும் சக்கரம் வலமாகச் சுழன்றது. சிநேகா வந்து பத்துப் புத்தகத்தை எடுத்துத் திருகினாள். 'டக் டக்' என்று நன்றாகச் சுழன்றது. எல்லா ஜன்னலிலும் நிலா நடுவில் நின்றது. "சூப்பருக்கா" என்று கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். சக்கரம் சுழல்கிறதா என்று பார்த்தவள், எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு பள்ளியில் வெளியீடு, கரையோரத்து ஊர்ப் பிள்ளைகள் நூற்றைம்பது பேர் வருகிறார்கள் என்று ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லம்மாள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மேற்கே மூன்றாம் பிறை. பார்த்தால் நல்லது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஆசையாகக் கீழே ஓடி, தனக்கென்று வைத்திருந்த புத்தகத்தை எடுத்து வந்து மூன்றாம் பிறைக்குத் திருகினாள். வானத்திலும் அதே, கையிலும் அதே. பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

புதன் சாயங்காலம் மறுபடி ஏறினாள். வானத்தில் நிலா கொஞ்சம் பருத்திருந்தது. புத்தகத்தை 'டக்' என்று ஒரு நாள் திருகினாள். நிலா இளைத்திருந்தது.

இன்னொரு தரம் திருகினாள். இன்னும் இளைத்தது. அதற்கடுத்த 'டக்'கில் நிலாவே இல்லை, அமாவாசை. எல்லம்மாள் அப்படியே தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். மாதிரிப் புத்தகம் தப்பில்லை. தப்பு செய்தது இவள். அறுநூறு புத்தகத்தில் நிலா தலைகீழாகப் போகிறது, அறுநூறிலும் கடைசிப் பக்கத்தில் இவள் பெயர் இருக்கிறது.

சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை நாளைக்கு யாருக்குத் தெரிந்திருக்கும்? அந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. வந்தது, வந்த வேகத்தில் போனது. பிறை தேய்கிறது என்று படித்த பிள்ளை வானத்தைப் பார்த்து, வானம்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டால்? எல்லம்மாள் போனை எடுத்தாள்.

மறுநாள் காலை குழுவின் கூடத்தில் சிநேகாவும் பிரதீபாவும் வந்து நின்றார்கள். சிநேகாவின் முகம் பேயறைந்தது போல் இருந்தது. பிரதீபா ஒரு புத்தகத்தை எடுத்துத் திருகினார், மாதிரியையும் திருகினார்.

"நாக்கை ஏன் மாத்தி ஒட்டினீங்க?"

"மேடம், எடமா சுத்துச்சு. புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு..." எல்லம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "நாங்க சரி பண்றதா நெனச்சுகினு செஞ்சுட்டோம்."

பிரதீபா இரண்டு புத்தகத்தையும் கீழே வைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வடதுருவத்துக்கு மேல நின்னு பார்த்தா, பூமியை நிலா இடமாத்தாங்க சுத்துது. அதனாலதான் சக்கரத்தையும் அப்படி வெச்சோம்."

"சந்திரன் சாமி, எப்டி வேணா சுத்தலாம் மேடம், நாம தான் வலமா சுத்தணும்" என்றாள் எல்லம்மாள், அழுகைக்கு நடுவில்.

"அதான் நவக்கிரகத்துல ராகு கேதுவுக்கு எடமா ரெண்டு சுத்து சுத்தறாங்களே, அது எனுக்குத் தோணாம போச்சே!" என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிநேகா, எம் பேரு மேல ஒரு வெள்ளத் தாளு ஒட்டிடு. தப்பு மேல எம் பேரு இருக்க வாணாம்" என்றாள் எல்லம்மாள்.

பிரதீபா சிரிப்பை விட்டார். "எங்க ஆய்வுக்கூடத்துல ஒரு பழக்கம் உண்டு. கணக்கு தப்பா வந்தா, அதை முதல்ல வாய்விட்டுச் சொல்றவங்களுக்குத்தான் மரியாதை. நீங்க ரெண்டு நாளும் வானத்தைப் பார்த்து ஒத்துப் பார்த்தீங்க. அதுக்குப் பேர்தான் ஆராய்ச்சி. நாங்க ரெண்டு பேரும் அதைச் செய்யலை." எல்லம்மாளுக்கு இது ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சாகவே பட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் மேடம். இத சரி பண்ண முடியுமா பாப்போம்" என்றாள்.

அட்டையைப் பிரித்தால் கிழியும். புதிதாக அச்சடிக்க நாளில்லை. எல்லம்மாள் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: நாக்கின் மேல் பசை பட்டு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று, தாளின் அடி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பசை தடவாமல் விட்டிருந்தார்கள். அந்தச் சந்து போதும். அரை பிளேடை ஐஸ் குச்சியில் கட்டி உள்ளே விட்டு நாக்கை அடியோடு அறுத்தாள். புருவம் திருத்தும் இடுக்கியால் துண்டை வெளியே இழுத்தாள்.

சக்கரம் இப்போது இரண்டு பக்கமும் சுழன்றது. ஆனால் நிற்கவே இல்லை. ஃபேன் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. எந்த நாளில் நிற்பது என்று அதற்கே தெரியவில்லை. இரண்டாவது புத்தகத்தில் அட்டை கிழிந்தது. மூன்றாவதில் விரல் கிழிந்தது. நாலாவதில் அவள் நாக்கை முழுதாக அறுக்கவில்லை, நுனியை மட்டும் ஒரு நூல் அளவுக்கு நறுக்கினாள். குட்டையான நாக்கு எந்தப் பல்லிலும் மாட்டிக்கொள்ளாமல், தாண்டும்போது மட்டும் தட்டியது. இடமாகத் திருகினாள்: டக். வலமாகத் திருகினாள்: டக்.

"பின்னாலயும் போவுது மேடம். பரவால்லையா?" என்றாள்.

பிரதீபா வாங்கி, முன்னால் மூன்று நாள், பின்னால் மூன்று நாள் திருகினார். "இருக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னார். இடது பக்கம் 'நாளை' என்று ஓர் அம்பும், வலது பக்கம் 'நேற்று' என்று ஓர் அம்பும் ரப்பர் ஸ்டாம்பில் செய்துவரச் சொல்லி சிநேகாவை அனுப்பினார்.

வெள்ளியும் சனியும் அந்தக் கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆறு பேர் அறுக்க, சிநேகா ஸ்டாம்ப் அடிக்க, பிரதீபா வெங்காய பஜ்ஜி வாங்கிவர, கன்னியம்மா ஒவ்வொரு நாக்கையும் வெட்டும்போது தன் நாத்தனார் பெயரைச் சொல்லிச் சொல்லி வெட்டினாள். சிரித்துச் சிரித்து இன்னும் இரண்டு புத்தகம் வீணாயிற்று. மற்றதெல்லாம் தேறியது. ஆனாலும் எல்லம்மாளின் மனது ஆறவில்லை. ஒட்டுப்போட்ட வேலை ஒட்டுப்போட்ட வேலைதானே? யாருக்கும் சொல்லாமல், பெயரை மறைக்கிற அளவுக்கு வெள்ளைத் தாளைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒரு பசைக் குப்பியோடு பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை பள்ளிக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். முதல் கட்டைப் பிரித்து, பெயரை மறைத்து ஒட்ட உட்கார்வதற்குள் பஸ் வந்து, பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தார்கள். அவ்வளவுதான், கையிலிருந்த புத்தகம் எல்லாம் பறந்தது. கூடம் முழுக்க 'டக் டக் டக்' என்று ஒரே சத்தம். பிரதீபா மேடையில் ஏதோ பேசிப் பார்த்தார், ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லம்மாளின் காலடியில் ஒரு சிறுமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வயதிருக்கும். முன் பல் இல்லை. ஜன்னலில் அரை நிலா வரும்வரை திருகினாள். அன்றைக்கு வானத்திலும் அரை நிலாதான். அங்கிருந்து வலமாக, பின்னோக்கி, ஒவ்வொரு 'டக்'குக்கும் விரல் மடக்கினாள். ஆறாவதில் மெல்லிசான பிறை வந்தது. நிறுத்தினாள்.

"இன்னா பாப்பா அது?" என்றாள் எல்லம்மாள்.

"எங்க நைனா போட்டுல ஏறிப் போன அன்னிக்கு இப்டிதான் இருந்துச்சு. நான் பாத்தேன், கரையில நின்னுகினு." சிறுமி தலை நிமிராமல் இப்போது இடமாகத் திருகினாள். ஆறு திருகில் அரை நிலாவுக்கு வந்தாள். அதற்கு மேலும் இரண்டு, ரொம்பக் கவனமாக. நிலா தொப்பை வைத்திருந்தது. "இவ்ளோ பெருசு ஆவறப்போ வூட்டுக்கு வந்துடும்."

அந்த நிலாவின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். பிறகு விரலைக் கொஞ்சம் விலக்கி, இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

எல்லம்மாளுக்குக் கண்ணீர் வந்தது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. சக்கரம் ஒரே பக்கம் சுழன்றிருந்தால் இந்தப் பிள்ளை அப்பா போன நாளுக்கு எப்படித் திரும்பிப் போயிருக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், சிநேகாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"தோ பாரு சிநேகா. அடுத்த தபா அச்சடிக்கறப்போ எம் பேர இன்னும் கொஞ்சம் பெருசா போடு."