சான்றிதழில் இல்லாத பிறந்தநாள்

கடல் தாண்டிய ராணுவ முகாமில் அவர் சமையல்காரர். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் அவர் கைதான். சான்றிதழில் உள்ள அவர் பிறந்தநாளோ, பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் தோன்றியபடி எழுதிய தேதி. போன மாதம் அந்தத் தேதிக்கு முகாமே கைதட்டியது. மனைவியும் போனில் வாழ்த்தினாள்.

நிஜமான நாள் இன்று. அம்மா மட்டும் வருஷம் தவறாமல் கூப்பிடுவாள்: "அந்த வாத்தியார் கெடக்காரு, நீ இன்னைக்குத்தாண்டா பொறந்தே." அம்மா போய்ச் சேர்ந்து எட்டு மாதம். இனி இந்தத் தேதி தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மதியம் ஒரு கிண்ணத்தில் சின்னதாகக் கேக் சுட்டார். சாப்பிட வந்த சிப்பாய் எட்டிப் பார்த்தான்.

"இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள், மாஸ்டர்?"

"யாருக்கும் இல்லப்பா. அடுப்புச் சூடு சரியா இருக்கான்னு பாத்தேன்."

சிப்பாய் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

"சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.