நெஞ்சுக்குள் நல்ல கறுப்பு

எக்ஸ்ரே எடுப்பவளுக்கு ஊராரை விலா எலும்பு வரை தெரியும்; முகம்தான் மறந்துபோகும். படம் கழுவும் டெவலப்பர் கரைசலில் நகம் பழுத்த என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லூரியில் தமிழ் படித்தவள் நான். எழுபதுகளின் கடைசியில் வேலை கிடைத்ததென்னவோ ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் இருட்டறையில். செய்யுளில் நிழலை ரசித்தவளுக்கு நிழலே பிழைப்பாயிற்று.

மாப்பிள்ளைக் கோலம்

எங்கள் மலையில் எக்ஸ்ரே என்று யாரும் சொல்வதில்லை. 'படம்' என்றுதான் பேச்சு. அதனால் பவுடர் பூசி, பூ வைத்து வருவார்கள். நாகலூரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் அந்தோணியும் அப்படித்தான் வந்தான். விடாத இருமல், நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். குப்பனூரில் மேரி என்ற பெண்ணோடு அவனுக்கு நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டில் போட்டோ கேட்டிருந்தார்களாம். ஒரே நடையில் இரண்டும் முடியட்டும் என்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான்.

சட்டையைக் கழற்றி, நெஞ்சைப் பலகையோடு ஒட்டி, சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன். நின்றான். பிறகு கழுத்தை மட்டும் திருப்பிக் கேட்டான்: "ஏனுங்கம்மா, முதுகைக் காட்டி நின்னா பொண்ணு ஊட்டுல என்னை அடையாளம் தெரியுமுங்களா?"

பலகை எழுதுபவரின் கண்

வலது நுரையீரலின் மேல்முனையில் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. காசநோய் என்றார் டாக்டர். ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து, படம் சுத்தமாகும் வரை கல்யாணப் பேச்சே கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினேன். அந்தோணியோ விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்த படத்தை விட்டு நகரவில்லை. விலா எலும்புகள் வளைந்து இறங்கும் விதத்தை விரலால் காற்றில் எழுதிப் பார்த்தான். அந்த வெள்ளை எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்று ஓரத்தைத் தேடினான். நானும் எத்தனையோ நாள் அப்படித் தேடியவள்தான். நோயைப் பார்க்க வேண்டிய இடத்தில் அழகைப் பார்க்கிறேன் என்று யாரிடம் சொல்வது? இன்னொருவன் கிடைத்தானே என்ற சந்தோஷம், அந்த நேரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், எனக்குள் எழுந்தது.

அவன் மெல்லக் கேட்டான்: "இத்தனை நைசா இருக்கறது எப்படிங்கம்மா ஆளைக் கொல்லும்?"

கறுப்பு விழுந்த சேதி

அடுத்த வாரம் மேரியே பஸ் ஏறி வந்துவிட்டாள். மாப்பிள்ளை படத்தில் கறுப்பு விழுந்திருக்கிறது, சம்பந்தம் வேண்டாம் என்று யாரோ அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். படத்தை மாட்டினேன். இரண்டு பக்கமும் அத்தனை கறுப்பைப் பார்த்ததும், நெஞ்சு முழுக்கக் கருகிவிட்டதென்று அவள் அழத் தொடங்கினாள்.

"கறுப்பா இருக்கறது காத்து, கண்ணு. அதுதான் நல்லது. மேலே இருக்கற வெள்ளைதான் நோவு. மருந்து சாப்பிட்டா அதுவும் கறுத்துடும்" என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "எங்கப்பா மொதல்ல இருந்தே மாப்பிள்ளை நொம்பக் கறுப்புன்னு கொறை சொல்லிட்டு இருந்தாருங்க. உள்ளே இன்னுங் கொஞ்சம் கறுக்கோணும், பொறுங்கன்னு போய்ச் சொல்றேன்."

எலும்பு நட்சத்திரம்

மருந்து சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருக்க அந்தோணியால் முடியவில்லை. ஆள் அசைந்து கலங்கியவை, வெளிச்சம் பட்டுப் பாதி கெட்டவை என்று என்னிடம் கிடந்த படங்களைக் கேட்டான். பெயர் எழுதிய மூலைகளை நறுக்கிவிட்டுக் கொடுத்தேன். மூங்கில் சிம்பில் அவற்றைக் கட்டி, பின்னால் நீலமும் சிவப்புமாகக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, கிறிஸ்துமஸுக்குக் கோயில் வாசலில் ஒரு நட்சத்திரம் தொங்கவிட்டான். உள்ளே பல்பு எரிந்ததும் விரல்களும் முதுகெலும்புகளும் பனிமூட்டத்தில் மிதந்தன.

பங்குச் சாமியார் முதலில் தயங்கினார். அதற்குள் ஜனம் தங்கள் எலும்பைத் தேடத் தொடங்கிவிட்டது. காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாள் பூசை முடிந்ததும் எல்லோரையும் நிறுத்திக் காட்டினாள்: "தெக்கால நீட்டிட்டு இருக்கறது என்ர முழங்கைதானுங்க சாமி, இனியாச்சும் எங்க ஊட்டுக்காரரு என்னைக் கையெடுத்துக் கும்புடட்டும்."

மாமனார் பார்த்த இடம்

மருந்து முடிந்து மறுபடி படம் எடுத்த நாளில், மேரியோடு அவள் அப்பாவும் வந்திருந்தார். கழுவின படத்தை ஈரம் சொட்டச் சொட்ட மாட்டினேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். அந்தோணி மூச்சைப் பிடித்து நின்றான், நான் சொல்லாமலே.

"ஒண்ணுமில்லை. நாள் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

மேரி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் அப்பா மட்டும் படத்தை விடவில்லை. நடுவில் வெள்ளையாகத் தெரிவது என்ன என்று கேட்டார். இதயம் என்றேன். எங்கள் பொண்ணு இருக்கப்போற இடம் அதுதானா என்றார். ஆமாம் என்றுதானே சொல்ல முடியும்? ஒரு கண்ணை மூடி, வீட்டுச் சுவருக்கு மட்டம் பார்ப்பது போல் நெடுநேரம் பார்த்தார். கடைசியில் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்துச் சொன்னார்: "எடப்பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்குது, இருந்தாலும் எடம் தாராளமாத்தான் இருக்குதுங்க."

மலையில் அத்தனை பேர் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்தும் எனக்கென்று வந்த கல்யாணப் பத்திரிகை அந்தோணி, மேரியுடைய இந்த ஒன்றுதான், அதிலும் உறையின்மேல் அந்தோணி தன் கையால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது 'படக்காரம்மா அவர்களுக்கு' என்று.