நான் போட்ட சிவப்பு வட்டம்

எனக்கு வாய் அதிகம். ஒதியம்பட்டில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதை மறுக்கமாட்டார்கள். குழாயடியில் எவளாவது என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தால், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பேன். மூடி வைத்தால்தான் அசிங்கம், ஊரறியப் போட்டு உடைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும் என்று நினைக்கிறவள் நான். இந்த நினைப்போடுதான் என் தங்கையின் விஷயத்தில் தலையிட்டேன்.

அவள் அம்மாவோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அப்போது திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்தாள். வெளுத்த முகத்தோடு போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். என் கையெல்லாம் செதிலாக இருந்ததால் அவளே பிடித்துக்கொண்டு காட்டினாள்.

துணியில்லாத ஓர் உடம்பு. அதன் மேல் அவள் முகம்.

அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. என் மகனுக்குக் காது குத்தியபோது பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டினோம். தாய்மாமன், அத்தை, சித்தி என்று எல்லார் முகத்தையும் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தோம். சித்தி என்று போட்ட அதே முகம்தான் இது. அதே ஜிமிக்கி, அதே மல்லிகைப்பூ. படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும், பேனரை ஸ்டேட்டஸில் வைத்ததும் நான்தான்.

படத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்தான். நான் கேட்கிற மாதிரி உன் நிஜப் படத்தை அனுப்பு, இல்லாவிட்டால் இதை உன் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன் என்று.

"யாருக்கும் சொல்லாதக்கா. அம்மாவுக்குக்கூட வேணாம். இன்னா பண்றதுன்னு மட்டும் சொல்லு."

"நீ வூட்டுக்குப் போ. நான் பாத்துக்கிறேன்" என்றேன். படத்தை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன், போலீசுக்குக் காட்ட வேண்டும் என்று. சொன்னபோது அது பொய் இல்லை.

அவள் போனபிறகு எனக்குக் கோபம் தாங்கவில்லை. எல்லாருக்கும் அனுப்புவேன் என்றுதானே மிரட்டுகிறான், நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அப்புறம் அவனிடம் என்ன இருக்கிறது என்று தோன்றியது. பேனர் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். கழுத்தில் நிறம் மாறுகிற இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். மேலே "இது போலி, யாரும் நம்ப வேண்டாம்" என்று எழுதினேன். உடம்பை மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறைத்துவிட்டால் ஒட்டுவேலை என்று எப்படித் தெரியும் என்றுதான் யோசித்தேன். சொந்தக்காரர்கள் குரூப், தெரு குரூப், மகளிர் குழு குரூப் என்று மூன்றுக்கும் அனுப்பினேன். "கைய ஒடிக்கணும்டி அவன" என்று அத்தைமார்கள் வாய்ஸ் மெசேஜ் போட்டார்கள். திருப்தியாக இருந்தது. மீனைக் கழுவி அடுப்பில் வைத்தேன்.

சாயங்காலம் அவள் வந்து வாசலிலேயே நின்றாள். "எல்லாருமே பாத்துட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"போலின்னுதான் போட்டிருக்கேன் இல்ல" என்றேன்.

மறுநாள் புகாருக்கான இணையதளத்தைத் திறந்தோம். முதல் கேள்வியே எந்த வகைக் குற்றம் என்பதுதான். பணத்தை ஏமாற்றி எடுத்தது ஒரு வகை, கணக்கைத் திருடியது ஒரு வகை, பெண்களையும் குழந்தைகளையும் ஆபாசமாகக் காட்டுவது ஒரு வகை. அந்த வகைக்குப் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம் என்று இருந்தது. ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பெயரோடு கொடுப்பதுதான் நல்லது என்று கேள்விப்பட்டு, புதுச்சேரிக்குப் பஸ் ஏறி சைபர் கிரைம் போலீசிடம் நேரிலேயே போனோம்.

அங்கே இருந்தது ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசினார். மிரட்டுவது ஒரு குற்றம், இப்படிப் படம் செய்வது ஒரு குற்றம், அதை அனுப்புவது தனிக் குற்றம், ஒவ்வொன்றுக்கும் சட்டப்பிரிவு இருக்கிறது என்றார். அவன் மெசேஜை அழிக்காமல் வைத்திருந்ததற்குத் தங்கையைப் பாராட்டினார். பாதிக்கப்பட்டவரே ஆப் கம்பெனிக்குப் புகார் எழுதினால் இந்த மாதிரிப் படத்தை ஒரு நாளைக்குள் எடுத்தாக வேண்டும் என்று சொல்லி, அங்கேயே எழுதவும் வைத்தார். மறுநாள் அவன் கணக்கே காணாமல் போயிருந்தது. சட்டம் என்றால் இதுதான் என்று தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஆனால் படம் நிற்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் உட்காருகிற ஒருவன், அவள் ஏறும்போதெல்லாம் போனைப் பார்ப்பான், பிறகு அவளைப் பார்ப்பான், பிறகு பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டுவான். லைனில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபத்தைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். மாதம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டாள். முகம் தெரியாதவனை விட மூன்றாவது சீட்டுக்காரன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம். அவனைச் சும்மா விடக்கூடாது, அவன் மேலும் புகார் எழுத வேண்டும் என்றாள். அவள் அப்படித் தெம்பாகப் பேசியது அன்றைக்குத்தான்.

மறுபடியும் போனோம். மிரட்டியவன் பயன்படுத்திய நம்பர் வேறு மாநிலத்தில் யாரோ ஒரு கிழவர் பெயரில் இருக்கிறதாம். கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பிறகு, கூட வேலை செய்த பெண் ஒருத்தி தங்கைக்கு அனுப்பியிருந்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். மூன்றாவது சீட்டுக்காரன் பரப்பிய படம். பேனர் பாதியை வெட்டிவிட்டிருந்தார்கள். "போலி" என்ற எழுத்தும் போயிருந்தது. கழுத்தில் மட்டும் சிவப்பாகக் கோடு மாதிரி ஏதோ மிச்சம் இருந்தது.

"இது இன்னாம்மா?" என்று கேட்டார்.

வாய் அதிகம் என்று பேர் வாங்கியவள் நான். "நான் போட்டதுங்க மேடம்" என்று சொல்வதற்குள் வியர்த்துவிட்டது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அவன் உங்க தங்கச்சியத் தவிர யாருக்கும் அனுப்பலம்மா. மிரட்டினதோட சரி. ஊர்ல சுத்துறது பூரா இதுதான்" என்றார். மூன்றாவது சீட்டுக்காரன் மேல் வழக்குப் போடலாம், பரப்பிய அவனும் குற்றவாளிதான். ஆனால் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டே போனால் கடைசியில் என் நம்பரில் வந்து நிற்கும். என் போனை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். "நல்லதுக்குத்தான் பண்ணீங்கன்னு கோர்ட்ல சொல்லலாம். சொல்றவரைக்கும் உங்க பேரு அதுல இருக்கும்."

அங்கிருந்து போய்ப் பார்த்த இலவச சட்ட உதவி வக்கீலும் அதையேதான் சொன்னார். வழக்கு நிற்கும், ஆனால் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது அக்காவைத்தான் என்றார்.

"என் பேரு வந்தா வரட்டும், நீ எழுது" என்றேன் தங்கையிடம். மனதாரச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் என்ன சொல்வார், பையன் பள்ளிக்கூடத்தில் என்ன பேசுவார்கள் என்று உள்ளே ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்து என் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள்.

திரும்ப ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினாள். குடும்ப நலன் கருதிப் புகார் மனுவை மேற்கொண்டு தொடர விரும்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யோசித்துச் சொல்லும்மா, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை சொன்னார். சரிங்க மேடம் என்றாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னாள். "அனுப்புவேன்னுதான்க்கா அவன் சொன்னான். அனுப்பினது நீ."

இப்போது அவள் வீட்டிலேயே இருக்கிறாள். என்னோடு சண்டையெல்லாம் இல்லை. அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், போனால் டீ போட்டுத் தருகிறாள். போன வாரம் அம்மா வீட்டுச் சமையலறையில் நாங்கள் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள் போனில் மெசேஜ் வந்தது. எடுத்துப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் நின்றபோது எப்படி வெளுத்திருந்தாளோ அப்படியே வெளுத்துப் போனாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீரையை எடுத்தாள்.

"இன்னாடி?" என்றேன். "அவனா?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.