எங்கள் நாயின் குல விசாரணை

எங்கள் வீட்டுக்கு வந்த நாய்க்கு உடல் நீளம், கால் குட்டை, காது பெரிது. ஜேர்மன் தேசத்துச் சாதி என்று சொல்லித் தந்தார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிப் பத்தாண்டில், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் நானும் என் மனைவியும் வாடகைக்குக் குடியிருந்தோம். புறக்கோட்டையில் ஓர் அரிசி மொத்தக் கடையில் எனக்குக் கடிதம் எழுதும் வேலை. கொட்டாஞ்சேனையில் வசித்த கப்பற் கந்தோரில் எழுத்துவேலை பார்த்த லிகிதர் ஒருவர் அலுவலாகக் கடைக்கு வந்துபோவார். அவர்தான் ஒருநாள் பழக்கூடையொன்றை என் மேசையில் இறக்கி, உள்ளே உறங்கிய குட்டியைக் காட்டி, எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். விலை கேட்கவில்லை. விலை கேளாமல் தரப்படும் பொருளை ஏன் என்று வினவவேண்டும் என்பதை நான் அப்போது கற்றிருக்கவில்லை.

என் மனைவி சைவ ஆசாரம் பிசகாதவர். நாய் முற்றத்தோடு நிற்கவேண்டும் என்பது அவர் விதித்த முதற் சட்டம். ஒரு கிழமைக்குள் அது விறாந்தை வரை திருத்தப்பட்டது. மழை பெய்த ஒரு நாளில் மண்டபம் வரை நீண்டது. சமையலறை மாத்திரம் கடைசிவரை விலக்கப்பட்ட பிரதேசமாயிருந்தது. நாயும் சட்டத்தை மதித்து, நிலைப்படியில் தாடையை வைத்துக்கொண்டு, மூக்கை மட்டும் உள்ளே அனுப்பி வந்தது.

அதற்கு ஒரு வயது நிரம்பியபின் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மண்டபத்தின் நடுவே நடந்து வந்தது திடீரெனப் பக்கவாட்டில் சரிந்தது. நான்கு கால்களும் எங்கோ ஓடுவனபோல வெறும் காற்றில் ஓடின. தாடை இறுகியது, வாயோரம் நுரை தள்ளியது. நான் உடனே செயலில் இறங்கினேன் என்று எழுதவே விருப்பம். உண்மையில், உட்காரக் கிடந்த கதிரையின்மேல் ஏறினேன்.

“இஞ்சாருங்கோ, நாய் கீழ கிடக்குது. நீங்கள் ஏன் மேல நிக்கிறியள்?” என்றார் மனைவி.

“யோசிக்கிறன்.”

“இறங்கி நிண்டு யோசியுங்கோ.”

சொல்லிவிட்டு அவர் தரையில் அமர்ந்து, அருகிலிருந்த கதிரைகளை விலக்கி, நாயின் தலை மோதாதபடி தமது மடியை அணையாக வைத்தார். இரண்டு நிமிடமளவில் ஓட்டம் நின்றது. நாய் எழுந்து, எங்களை அன்னியரைப்போல் பார்த்து, சுவரில் ஒருமுறை முட்டி, பின்பு பசிக்கிறது என்று தெரிவித்தது.

இரண்டு கிழமைக்கொரு முறையளவில் அந்த வலிப்பு வந்தது. வருமுன் நாய் வெறுமையில் எதையோ உற்றுப் பார்க்கும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மனைவி. மேசைக் கால்களுக்கும் கதிரைக் கால்களுக்கும் பழஞ்சேலையைக் கிழித்துச் சுற்றிக் கட்டியவரும் அவரே. வருவோர் போவோர் காரணம் கேட்டால், புதிதாய் மெருகு பூசியிருப்பதாக நான் சொல்லி வைத்தேன். எங்கள் மேசைக்கு ஆறு மாதமாக மெருகு காயவில்லை.

என் பங்குக்கும் ஏதேனும் செய்யவேண்டாமா? வலிப்பில் நாக்கு கடிபடும் என்று எங்கோ கேட்டிருந்தேன். ஒருமுறை கரண்டியொன்றை எடுத்து அதன் பற்களுக்கிடையே செலுத்தப் போனேன். நாய் என்னைக் கடித்தது என்று சொல்வது அநியாயம். அதன் தாடை தானாக மூடிற்று. இடையில் என் பெருவிரல் இருந்தது.

இந்த நுட்பமான வேறுபாட்டை மறுநாள் நான் மறந்துபோனேன். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ரயில் ஸ்ரேசன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். தண்டவாளத்தில் ஒரு கல் புரண்டாலும் மேலிடத்துக்கு அறிவித்துப் பழகியவர்.

“என்ன தம்பி, விரலுக்குக் கட்டு?”

“நாய் கடிச்சுப் போட்டுது, ஐயா.”

“எது, அண்டைக்கு நுரை தள்ளிக்கொண்டு கிடந்ததே, அதுவோ?”

“ஓம், அதுதான்.”

சொன்னவை யாவும் ஏறக்குறைய மெய். அந்த மெய்களைக் கேட்டவர் அன்றே மேலிடத்துக்கு அறிவித்தார். மறுநாட் காலை நகரசபையின் சுகாதார இன்ஸ்பெக்டர் எங்கள் வாசலில் நின்றார்.

அவர் சிங்களவர், மரியாதை தெரிந்தவர். நுரை தள்ளி மனிதனையும் கடித்த நாய் விசர் நாயாகவே, அதாவது வெறிநாயாகவே, கொள்ளப்படும்; அதைக் கொண்டுபோய்ச் சுட்டுவிடுவார்கள் என்று சிங்களத்தில் விளக்கினார். வீட்டு நாய் என்பதால் பத்து நாள் தவணை தருவதாகவும், சங்கிலியில் கட்டிவைத்து, விசரில்லை என்று மிருக வைத்தியரிடம் பத்திரம் பெறும்படியும், பத்தாம் நாள் தாமே வருவதாகவும் சொன்னார். பிறகு என் விரலைப் பார்த்து, தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். மனைவிக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்க்கையில் நான் ஊசியை முன்னும் நாயைப் பின்னும் வைத்தேன்.

“ஊசி உங்களுக்குத்தானே. நாய்க்கு என்ன சொன்னவர்?” என்றார்.

சொன்னேன். அன்று முழுதும் அவர் என்னோடு கதைக்கவில்லை. சங்கிலியின் முனையில் படுத்திருந்த நாயோடு மட்டும் கதைத்தார்.

மிருக வைத்தியர் ஆங்கிலமே பேசும் முதிய பறங்கியர். கண்ணைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். பத்தாம் நாளும் இது உயிரோடிருந்து உண்டால் எனக்கு ஊசி தேவையில்லை என்றார். ஆனால் பத்திரம் எழுதத் தயங்கினார். வலிப்பைத் தாம் நேரிற் காணவில்லை. இந்தச் சாதியில் அது இரத்தவழி வருவதுண்டு. தாய்க்கோ உடன்பிறந்தவைக்கோ இருக்கிறதென்று வளர்த்தவர் எழுதித் தந்தால் ஐயமின்றிக் கையொப்பமிடலாம் என்றார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு ரயிலேறி, அங்கிருந்து ரிக்ஷாவில் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

“வாரும், வாரும்! குட்டி சுகமோ?” என்று லிகிதர் வரவேற்றார்.

“குட்டி இருக்குது. தாய் எப்பிடி, அண்ணை?”

“தாயோ? அது ராசாத்தியெல்லே! ஒரு வருத்தம் துன்பம் இல்லை.”

நான் அமர்ந்தேன். கண்கள் கீழே சென்றன. அவர் வீட்டு மேசையின் நான்கு கால்களுக்கும் பழஞ்சேலை சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கட்டைவிட நேர்த்தியான கட்டு.

“மேசைக்கு என்ன, குளிரோ?” என்றேன்.

அவர் அந்த மேசையை அன்றுதான் கண்டவர்போல் பார்த்தார். “அது… வாற போற பிள்ளையள் இடிச்சுப் போடுங்கள் எண்டு.”

“எங்கட வீட்டிலயும் அப்பிடி ஒரு பிள்ளைக்குத்தான் கட்டியிருக்கு.”

உள்ளேயிருந்து அவர் மனைவியார் சிரித்தது வெளியே கேட்டது. “இனியெண்டாலும் சொல்லுங்கோவனப்பா!”

சொன்னார். தாய்க்கு நாலு வருடமாக இருக்கிறது. குட்டிகளில் இன்னொன்றும் விழுகிறது.

“முதலே ஏன் சொல்லேல்லை?”

“நீர் கேட்டனீரோ? மாப்பிள்ளை எடுக்கேக்க ஏழு தலைமுறை விசாரிக்கிறம். நாய் எடுக்கேக்க நீர் கூடையை மட்டுந்தானே பாத்தனீர்?”

எனக்குப் பெண் பார்த்தபோது, மனைவியின் பாட்டனாருக்கு இருந்த இருமல் எத்தகையது என்று அறிய என் மாமன் இரண்டு நாள் கோயில் வாசலில் நின்றவர்.

கடிதம் என்றதும் லிகிதர் கையை இழுத்துக்கொண்டார். அவர் மகளுக்குக் கிருலப்பனையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தது.

“வாயால ஆயிரந்தரம் சொல்லுறன். எழுத்தில வேண்டாம். இந்த வீட்டில வலிப்பு எண்டு என்ர கையெழுத்தோட ஒரு கடதாசி திரிஞ்சா, அது நாய்க்கெண்டு ஆர் பொறுமையா வாசிக்கப்போகினம்? முதல் வரியோட எழும்பிப் போயிடுவினம்.”

அவர் சொன்னது வேடிக்கையாயிருந்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சனம் அப்படித்தான் வாசிக்கும்.

“பத்தாம் நாள் அதைச் சுட்டுப் போடுவாங்கள், அண்ணை,” என்றேன்.

அவர் குனிந்து தம் பாதத்தைப் பார்த்தார். தாய்நாய் அதன்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது.

தேநீர் கொண்டுவந்த மகள்தான் பேசினாள். ஆங்கிலப் பாடசாலையிற் படித்த பெண். “அப்பா, இங்கிலீசில எழுதினா என்ன? டொக்டர் பறங்கிக்காரர்தானே.”

லிகிதரின் முகம் தெளிந்தது. “ஓம், அது சரி! தமிழில எழுதினா அது வலிப்பு. இங்கிலீசில எழுதினா அது வெறும் வருத்தம்.”

ரயிலில் வரும்போதே இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் நான் ஒரு வரைவு எழுதி வைத்திருந்தேன். சற்றுப் பெருமையோடு நீட்டினேன். அவள் வாசித்து முடிக்கும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, இது நாயைப் பற்றியோ, காணி வழக்கோ?”

“முறையா எழுதவேணும், பிள்ளை.”

“கடைசியில ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ எண்டு கிடக்குது. அது நாயோ, நீங்களோ?”

ஐந்தே வரியில் அவளே வேறொன்று எழுதினாள். தந்தையார் சன்னலைச் சாத்திவிட்டுக் கையெழுத்திட்டார்.

அந்த ஐந்து வரி வைத்தியருக்குப் போதுமாயிருந்தது. பத்திரம் தந்தார்; காலையும் மாலையும் நீரிற் கரைத்துக் கொடுக்க புரோமைட் உப்பும் எழுதினார். நோய் தீராது, குறையும் என்றார். இந்த நாயைக்கொண்டு குட்டி எடுக்கக்கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார். இதன் வழியில் ஒரு குட்டி தருவதாகக் கடை முதலாளிக்கு நான் முன்னமே வாக்களித்திருந்தேன்.

“அவருக்கு ஒரு பூனை குடுங்கோ,” என்றார் மனைவி.

பத்தாம் நாள் பிற்பகல் இன்ஸ்பெக்டர் எங்கள் மண்டபத்துக்கு வந்தார். பத்திரத்தை இருமுறை வாசித்தார். தமது புத்தகத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். அப்போது நாய் தலையை உயர்த்தி, ஒன்றுமில்லாத ஓரிடத்தை உற்றுப் பார்த்தது. மனைவி என்னைப் பார்த்தார். அடுத்த கணம் அது விழுந்தது.

இன்ஸ்பெக்டர் எழுதவில்லை. நுரையைக் கண்டதும் ஓரடி பின்வைத்து, கதவை நோக்கினார். மதிலுக்கு மேலே ஸ்ரேசன் மாஸ்டரின் தலை தெரிந்தது. பத்திரம் என்ன சொன்னாலும் கண் கண்டதையே இன்ஸ்பெக்டர் எழுதிப் போவார் என்று எண்ணினேன்.

மனைவி சங்கிலியைக் கழற்றி எறிந்தார். கடற்பக்கச் சன்னலால் வெயில் நேரே நாயின் முகத்தில் விழுந்தது. கொடியிற் காய்ந்த சேலையொன்றை இழுத்து, ஒரு முனையை என்னிடமும் மறுமுனையை இன்ஸ்பெக்டரிடமும் திணித்தார்.

“பிடியுங்கோ, மாத்தயா. வெளிச்சம் கண்ணில படக்கூடாது.”

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது; ஐயா என்று பொருள்படும் ‘மாத்தயா’ மட்டும் விளங்கியிருக்கும். ஆயினும் பேனாவை வாயிற் கவ்விக்கொண்டு இரு கைகளாலும் பிடித்தார். சேலை நிழலில் மனைவி நாயின் முதுகைத் தடவியவாறு, எங்களுக்குக் கேட்காத குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாயருகே கையைக் கொண்டுபோகவேயில்லை.

“பாத்தியளே, கை எங்க இருக்கவேணும் எண்டு?” என்று இடையில் எனக்கும் ஒரு சொல்.

கால்களின் ஓட்டம் தணிந்து நின்றது. நாய் தள்ளாடி எழுந்து, சேலை நிழலிலேயே இருந்த சட்டிக்குப் போய்த் தண்ணீர் முழுவதையும் நக்கிக் குடித்தது. விசர் நாய் தண்ணீருக்கு அஞ்சும் என்பது ஊரறிந்தது. பத்திரத்தை வாசித்ததைவிடக் கூர்ந்து இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். பின்பு, பேனா வாயிலிருந்தபடியே, சேலையை விட்டால் தாம் கையெழுத்து வைக்கலாம் என்று சிங்களத்தில் என்னிடம் மெல்லச் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன்.

“இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. அதுக்கு இன்னும் கண் கூசுது,” என்றார் மனைவி.

அவர் பொறுத்தார்.