பின்மதில் குப்பை

என் மனைவியின் தம்பியை எனக்குப் பிடிக்காது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. தேர்தலில் அவனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான்தான். அவன் பிரதேச சபை உறுப்பினரானான், வெள்ளைச் சட்டைக்கு மாறினான், எங்கள் வயல்வட்டைக்கு ஊர்க் குப்பை வந்து சேர்ந்தது.

சுபஹு தொழுதுவிட்டு வயலுக்குப் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். கோழிக்கடைக் கழிவு, பிள்ளைகளின் பம்பஸ், கலியாண வீட்டு எச்சில் சோறு எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து பள்ளத்தில் விழும். மாடுகள் பொலித்தீனைச் சப்பிக்கொண்டு நிற்கும். கொக்கு நின்ற இடத்தில் இப்போது காகம். அந்தப் பள்ளம் வெறும் பள்ளமல்ல, எங்கள் வடிச்சல். மாரியில் வட்டையில் நிறையும் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஆற்றுக்கு இறங்கும். அதை அடைத்தவன் மனிதனா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த மாரியில் மழை விடாமல் அடித்தது. மாவடிப்பள்ளிப் பக்கம் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது என்றார்கள். எங்கள் வேளாண்மை அப்போது குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் வெளியே வரவில்லை, தண்டுக்குள் இருந்தது. அந்த நேரத்தில் தண்ணீருக்குள் கிடந்தால் உள்ளேயே அழுகிவிடும். இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் தாங்காது. அன்று இரண்டாம் நாள்.

காலையில் வரம்படியில் எல்லோரும் கூடினோம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையார் எங்கேயோ பேசிப் பிடித்து மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மச்சானும் வந்தான். பக்கத்தில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து நேரலை போட்டுக்கொண்டு நின்றான். மக்களின் துயரில் பங்கெடுக்க வந்திருக்கிறாராம். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"இஞ்ச பாருங்க, இவன்தான் வடிச்சல அடைச்சவன்," என்றேன். "எங்கட வோட்ட வாங்கிட்டு எங்கட வயித்திலயே குப்பையக் கொட்டினவன். வெக்கமில்லாம படம் பிடிக்க வந்து நிக்கான்."

இன்னும் நிறையப் பேசினேன். எழுதத் தகாதவை. ஒருவரும் என்னை நிறுத்தவில்லை. மச்சான் நேரலைக்காரனைப் பார்த்து நிறுத்தச் சொன்னான். பிறகு தன் போனை எடுத்துத் தேடினான்.

"மச்சான், நீங்க கதைச்சத்தையும் எல்லாரும் கேக்கட்டும்," என்றான்.

என் குரல் கேட்டது. எப்போதோ நான் அனுப்பிய குரல் பதிவு. "மச்சான், மகள்ட வீட்டுக்குப் பின்னால பள்ளத்தில தண்ணி நிண்டு ஒரே நுளம்புக் கடி. சபை மிசின்காரன்ட்ட சொல்லி ரெண்டு பெட்டி குப்பை கொட்டச் சொல்லு. மேல கிறவல் மண் போட்டா சரி. ஒருத்தருக்கும் தெரியத் தேவல்ல."

கேடுகெட்டவன், அதை இவ்வளவு காலம் அழிக்காமல் வைத்திருந்திருக்கிறான்.

மறுக்க வழியில்லை. எங்கள் பக்கத்தில் வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. ஊருக்குள் ஒரு துண்டு நிலம் வாங்க எனக்கு வக்கில்லை. என் வயலின் முன்துண்டை கிறவல் கொட்டி மேடாக்கி மகளுக்கு வீடு கட்டினேன். பின்மதிலுக்கு அப்பால் கிடந்த வடிச்சலை நிரப்பச் சொன்னதும் நான்தான். எனக்குக் கொட்டியதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். கேட்டவனுக்கெல்லாம் மச்சான் தலையாட்டினான். அதற்கு அவனை மன்னிக்க மாட்டேன். ஆனால் முதல் பெட்டி என்னுடையது.

விதானையார் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பெக்கோ உள்ள போறண்டா மகள்ட வீட்டு வளவாலதான் போகணும். பின்மதில உடைக்கணும். என்ன சொல்றீங்க?"

பதில் சொல்லும் உரிமை எனக்கில்லை, வீடு மகளின் பேரில். சத்தம் கேட்டு அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேற்றடிக்கு வந்தாள். விதானையார் விஷயத்தைச் சொன்னார். குரல் பதிவையும் அவள் கேட்டிருப்பாள், நாங்கள் கூடி நின்ற வரம்பு அவள் மதிலை ஒட்டியதுதானே.

"உடைங்க," என்றாள். "மறுகா ஒண்டு. தோண்டுற குப்பையில ஒரு துண்டும் என்ட வளவுக்குள்ள விழப்படா."

மதில் ஒரே தள்ளில் சரிந்தது. பெக்கோவின் வாய் பள்ளத்துக்குள் இறங்கி ஏறியபோது வந்த நாற்றத்தில் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். கறுப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு வாய்க் குப்பை அந்தரத்தில் தொங்கியது. சாரதி எட்டிப் பார்த்தான்.

"இத எங்க கொட்டுற?"

ரோட்டில் தண்ணீர், ஏற்றிப்போக ஒரு உழவு இயந்திரமும் வராது. ஒரு பக்கம் மகளின் வளவு. மறுபக்கம், பெக்கோவின் கை எட்டும் தூரத்தில், என் வயலின் மிச்சத் துண்டு. அதற்கு அப்பால்தான் மற்றவர்களின் வயல்கள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், மச்சானும்தான்.

"என்ட வயலுக்குள்ள கொட்டு," என்றேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குள் வடிச்சல் திறந்துவிட்டது. அடுத்த நாள் மற்றவர்களின் வேளாண்மை பச்சையாய்த் தலை நிமிர்த்தி நின்றது. அவர்கள் அந்தப் போகம் வெட்டினார்கள். என் துண்டில் குப்பை மலையாகக் கிடக்கிறது, அதை ஏற்றிப்போகச் சொல்லி மச்சானிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்மதிலையும் மகள் இன்னும் கட்டவில்லை. கட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் வாப்பா," என்றாள். "நீங்க வரக்குள்ள அந்தக் குப்பை கண்ணுக்குத் தெரியட்டும்."