ஒரு லாரி வாத்தும் என் செவ்வாய்க்கிழமைப் பதிவும்

போன புதன்கிழமை. காலை ஏழு மணி. ஸ்கூலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் இட்லி. வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. உள்ளே இருந்து ஒரே கூச்சல் - முதல் பந்திக்கு முண்டியடிக்கும் கல்யாண வீடு மாதிரி.

எட்டிப் பார்த்தால்... வாத்து. லாரி முழுக்க வாத்து. தட்டுத் தட்டாகப் பலகை அடித்து, ஒவ்வொரு தட்டிலிருந்தும் கழுத்தை நீட்டி எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி இறங்கினாள். "பிளாக் எழுதற அக்கா வூடு இதானே?" என்று கேட்டாள்.

ஒரு நிமிடம் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாசகி! வீடு தேடி வந்திருக்கிறாள்! சீப்பை ஒளித்தேன், இட்லியை விழுங்கினேன், உள்ளே திரும்பி வீட்டுக்காரரிடம் டீ போடச் சொன்னேன். வாத்துகள் ஏன் கூட வந்திருக்கின்றன என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. புகழ் வந்து வாசலில் நிற்கும்போது யாருக்குத்தான் இதெல்லாம் தோன்றும்?

"உங்க பிளாக்கப் படிச்சிட்டுத்தான்க்கா கெளம்பி வந்தோம்" என்றாள். எனக்குக் கால் தரையில் இல்லை. அடுத்து அவள் கேட்டாள்: "நேத்து போட்டிருந்தீங்களே, அறுத்த வயலு... அது எங்கக்கா?"

நான் மெதுவாகத் திரும்பி எதிரே பார்த்தேன். அவளும் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் அண்ணனின் வயல். ஒரு கதிர்கூட அறுபடவில்லை. மழையில் சாய்ந்து, தண்ணீரில் பாதி முழுகிக் கிடந்தது.

"இன்னாக்கா இது... நெல்லு அப்படியே கெடக்குது?"

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் கணக்கு டீச்சர். இருப்பது அபிஷேகப்பாக்கத்தில். இந்தப் பத்தி போதாதென்று செவ்வாய்தோறும் பிளாக்கில் ஒரு பதிவு வேறு. வாரம் தவறாமல் எப்படி மேடம் எழுதுகிறீர்கள் என்று பலர் கேட்பதுண்டு. டைம்டேபிள், நோட்டு, அலாரம் என்று நானும் பெரிதாக அளந்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் புளுகு. உண்மை என்னவென்றால், எழுத உட்கார்ந்தால் ஜன்னலைப் பார்ப்பேன். ஜன்னலில் வயல். வயலில் பனி. பனிக்குள் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். அது காலை மாற்றும் வரைக்கும் பார்த்துவிட்டு எழுதலாமே என்று தோன்றும். அது மாற்றாது. டீ ஆறிப்போகும். செவ்வாய்க்கிழமைப் பதிவு வியாழக்கிழமை போகும். ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை போனது.

இந்தப் பொங்கல் லீவில்தான் முடிவெடுத்தேன். சமையலறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு சார்ட் ஒட்டினேன். எழுதாததற்குச் சிவப்பு, எழுதி முடித்ததற்குப் பச்சை டிக். நாலே நாள். எட்டுப் பதிவுகள். இரண்டு மாதத்துக்கான சரக்கு! செவ்வாய் காலை ஆறு மணிக்குத் தானாகவே வெளியாகும்படி எல்லாவற்றையும் ஷெட்யூல் செய்தேன். வீட்டுக்காரர் பொங்கலைத் தனியாகச் சாப்பிட்டார். "டீச்சரம்மா மார்ச் மாசத்துல இருக்காங்க, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. அந்த நாலு நாளும் நான் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக நாட்களுக்கு முன்னால் நடக்கிறேன்... நாட்கள் என்னைத் தேடிக்கொண்டு பின்னால் வருகின்றன... அது தனி சுகம்.

எட்டில் மூன்றாவது பதிவுதான் 'அறுத்த வயல்'. ஜனவரி கடைசியில் தணிகாசலம் அண்ணன் வயலில் அறுப்பு முடிந்துவிடும், வருஷா வருஷம் பார்ப்பதுதானே? எழுதிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த வயலில் இறங்கி நடந்தேன். காலில் குத்தும் தாள், ஈர மண் வாசனை, சிந்திக் கிடக்கும் நெல்மணி, வரப்பில் நிற்கும் அண்ணனின் முகத்தில் நிறைவு... எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பச்சை டிக்.

அப்புறம் மழை வந்தது. ஜனவரி கடைசியில், யாரும் கூப்பிடாமல், இரண்டு நாள் விடாமல் கொட்டியது. கதிர் சாய்ந்தது. சேற்றில் அறுப்பு மிஷின் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் நான் அதே ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தேன். அண்ணன் சம்சாரத்திடம் உட்கார்ந்து வருத்தப்பட்டேன். ஆனால் பதிவு? பச்சை டிக் போட்டதை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி. தானாகவே வெளியாகிவிட்டது.

இனி லாரிக்கு வருவோம். அவள் பெயர் செல்வி. புருஷன் ஏழுமலை. விழுப்புரம் பக்கம். அறுத்த வயலாகத் தேடிப் போய் வாத்து மேய்ப்பவர்கள். அறுப்பு முடிந்த கையோடு இறங்கினால் சிந்தின நெல்லைத் தின்று வாத்து முட்டை வைக்கும். வயல்காரர் உழ ஆரம்பித்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். இரண்டு வருஷமாக என் பிளாக்கில் 'செல்வி வாத்து' என்ற பெயரில் ஒருவர் கமெண்ட் போடுவார். அது இவள்தான்!

நானோ அதை யாரோ ஒரு நவீனக் கவிஞரின் புனைபெயர் என்று நினைத்திருந்தேன். கமெண்ட்டும் அப்படித்தான் இருக்கும். 'அறுப்பு எப்பக்கா?' 'தண்ணி நிக்குதா?' நான் அதில் தத்துவம் தேடுவேன். ஒரு முறை 'வாழ்க்கையே ஓர் அறுவடைதானே தோழி' என்று பதில் எழுதினேன். கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது. புரிந்துகொண்டாள் என்று பூரித்துப்போனேன்.

செல்வி கத்தவில்லை, சண்டை போடவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நிலைமையை மட்டும் சொன்னாள். வாத்து நேற்றிலிருந்து சரியாக மேயவில்லை. இன்னும் ஒரு நாள் வயிறு காய்ந்தால் முட்டை நின்றுபோகும். நின்றால் மறுபடி பிடிக்க ஒரு மாதமாகும், அதற்குள் சீசனே முடிந்துவிடும். பழைய இடத்துக்காரர் உழுதாகிவிட்டது, திரும்பவும் முடியாது. டிரைவருக்கு வேறு லோடு இருக்கிறது. "எழுத்துல போட்டிருந்தீங்களேன்னு நம்பி வந்துட்டோம்க்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதாதா?

வயலை ஒட்டின வாய்க்காலில் வாத்தை இறக்கி, சுற்றி வலை கட்டினார்கள். லாரி போய்விட்டது. ஹெச்.எம்.முக்குப் போன் செய்து அரை நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை.

அதற்குள் வலையில் ஒரு இடம் நெகிழ்ந்து, ஏழெட்டு வாத்து சாய்ந்த நெல்லுக்குள் இறங்கிவிட்டது. ஏழுமலை கோலை எடுத்துக்கொண்டு ஓட, எதிர்ப்பக்கத்திலிருந்து தணிகாசலம் அண்ணன் ஓடி வந்தார். வாத்தை வெளியேற்றிய பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் தெருவில் யாரையும் அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர்.

"நேத்து பையன் துபாய்லருந்து போன் பண்ணாம்மா. அறுப்பு முடிஞ்சிடுச்சாமே, சொல்லவே இல்லியேன்னு கேட்டான்."

அவன் என் பிளாக்கைப் படிக்கிறவன். மழை பெய்ததை அண்ணன் அவனிடம் சொல்லவில்லை. அங்கே தனியாக இருப்பவன், எதற்குக் கவலை என்று மறைத்து வைத்திருந்தார்.

"நீங்க இன்னாண்ணா சொன்னீங்க?"

"ஆமாண்டா, முடிஞ்சிதுன்னு சொல்லிட்டேன். நீதான் எழுதிட்டியே."

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? வெட்கமாக இருந்தது. அழுகையாக வந்தது. வரப்பில் நிறைவோடு நிற்கிற மாதிரி நான் எழுதிவைத்த அதே மனுஷர், முழங்கால் வரை சேற்றோடு என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் வாத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாயில்லா ஜீவன் என்ன பண்ணும் என்றார். ஏம்பலத்தில் அவர் சம்பந்திக்கு மேட்டு வயல் இருக்கிறதாம், பொங்கலுக்கு முன்பே அறுத்தாகிவிட்டதாம். நான் போனை எடுத்தேன். "போன்ல கேக்காத. போய்க் கண்ணால பாத்துட்டு வா" என்றார்.

ஸ்கூட்டியில் செல்வியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பனி இன்னும் விலகவில்லை. இரண்டு பக்கமும் ஈர வயல், நடுவில் ரோடு, எதிரே வருகிற டவுன் பஸ்கூடக் கனவில் வருவது மாதிரி லைட் மட்டும் தெரிய வந்தது. நான் வழக்கம்போல வேடிக்கை பார்த்தேன். செல்வியும் பார்த்தாள். ஆனால் அவள் பார்த்தது வேறு. இந்த வயலில் தண்ணீர் இறங்க நாலு நாளாகும், அதில் நெல் முளைவிட்டுவிட்டது, அங்கே நத்தை கிடக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினெட்டு வருஷமாக நான் போய்வரும் ரோடு அது. நான் எழுதியதெல்லாம் பனியைப் பற்றித்தான்.

மேட்டு வயல் இருந்தது. அறுத்த தாள், சிந்தின நெல், மிஷின் போன தடத்தில் கொஞ்சம் தண்ணீர்... நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய வயல் அச்சு அசலாக அங்கே கிடந்தது. ஊர்தான் வேறு! சம்பந்தி நல்ல மனுஷர், பத்து நாள் போல மேயட்டும் என்றார். செல்வி குனிந்து ஒரு பிடி மண்ணோடு நெல்லை அள்ளிப் பார்த்து, புருஷனுக்குப் போன் போட்டாள். ஓட்டிகினு வா என்றாள்.

வாத்துகள் நடந்தே வந்தன. செல்வியோடு நானும் கரிக்கலாம்பாக்கம் ரோட்டில் எதிர்கொண்டு போய்க் கூட நடந்தேன். அரை நாள் லீவு முழு நாளானது. முன்னால் ஏழுமலை, பின்னால் செல்வி, நடுவில் ரோடு முழுக்க அசைந்து அசைந்து ஒரு பழுப்பு ஊர்வலம். ஒரு டவுன் பஸ் டிரைவர் இன்ஜினையே ஆஃப் செய்துவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்து பார்த்தார். பஸ்ஸில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. இப்படி ஒரு சாயங்காலத்தை எந்த சார்ட்டில் எழுதி வைக்க முடியும்?

வயல் வந்ததும் முதல் வாத்து குனிந்தது. அவ்வளவுதான், எல்லாம் குனிந்தன. காலையிலிருந்து இருந்த கூச்சல் அப்படியே நின்றுபோனது. செல்வி வரப்பில் உட்கார்ந்து அப்போதுதான் தண்ணீர் குடித்தாள்.

கிளம்பும்போது சொன்னாள்: "நீங்க நல்லாத்தான்க்கா எழுதறீங்க. எனக்கே அந்த வயல்ல எறங்கி நடக்கணும் போல இருந்துச்சி. ஆனா பாத்துட்டு எழுதுங்கக்கா."

எத்தனையோ பாராட்டு வந்திருக்கிறது. இதைப் போல ஒன்று வந்ததில்லை. இதைப் போலக் குட்டும் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். மிச்சம் இருந்த ஐந்தையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் மாம்பூ வாசனை வீசிக்கொண்டிருந்தது. பின்பக்கம் போய் மாமரத்தைப் பார்த்தேன்... ஒரு பூ இல்லை, இந்த வருஷம் வெறும் தளிர்தான். சார்ட்டைக் கிழிக்கவில்லை. கணக்கு டீச்சருக்குக் கட்டம் போடாமல் இருக்க முடியுமா? பச்சை டிக்குக்கு முன்னால் ஒரு புதுக் கட்டம் மட்டும் சேர்த்தேன். 'பார்த்தாச்சா?'

நேற்றுச் செவ்வாய்க்கிழமைப் பதிவு என் சரித்திரத்திலேயே சின்னது. 'எங்கள் ஊரில் இன்னும் அறுப்பு ஆகவில்லை. சேறு காய்ந்துகொண்டிருக்கிறது.' அவ்வளவுதான். ஒரே ஒரு கமெண்ட் வந்தது. 'சரிக்கா.'

இன்று காலை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பனி, கொக்கு, ஒற்றைக் கால் எல்லாம் வழக்கம்போல. திடீரென்று கொக்கு இரண்டு காலையும் ஊன்றிப் பறந்தது. என்னவென்று பார்த்தால், சேற்றிலும் ஓடுகிற செயின் மிஷின் ஒன்று எதிர் வயலில் மெதுவாக இறங்குகிறது. தணிகாசலம் அண்ணன் வரப்பில் நின்று போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார், பையனுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருக்கிறார். முகத்தில் நிறைவா என்று இங்கிருந்து தெரியவில்லை. தெரியாததை எழுதப்போவதில்லை.

பார்த்தாச்சு, செல்வி. லாரிக்குச் சொல்லிடும்மா.